எரித்தால் உயிர்த்தெழ முடியாதா?

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு சாவு விழுந்தால், பெட்டி வருமுன்னே பேச்சு எழுந்துவிடுகிறது: புதைப்பதா, மின்சுடலைக்குக் கொண்டுபோவதா? "எரித்துவிட்டால் கடைசி நாளில் எப்படி எழுவார்?" என்று கேட்கும் பாட்டிமார் இன்றும் உண்டு. சிரிக்க வேண்டாம். இது 1,800 ஆண்டுப் பழைய கேள்வி.

கி.பி. 177இல், இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு, பின்பு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இனி எப்படி உயிர்த்தெழுவார்கள், பார்ப்போம் என்பது கொன்றவர்களின் கணக்கு. தப்பியவர்கள் ஆசியச் சபைகளுக்கு இதைக் கடிதமாக எழுதினார்கள். அவர்கள் அதைத் தோல்வியாக எழுதவில்லை.

ஆனாலும் புதைப்பதே வழக்கமாக நின்றது. இயேசுவும் கல்லறையில் வைக்கப்பட்டவர்தானே. விதை மண்ணுக்குள் போய் முளைப்பதைப் பவுல் உவமையாகச் சொன்னார். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று நம் பத்திரிகை மரண அறிவித்தலில் வருகிறதே, அதுவும் இந்த நம்பிக்கையின் சொல்தான். கல்லறைத் தோட்டத்துக்கு ஆதிக் கிறிஸ்தவர்கள் வழங்கிய கிரேக்கப் பெயருக்கும் உறங்குமிடம் என்றே பொருள்.

ஐரோப்பாவில் மறுமையை மறுத்தவர்கள் தகனத்தை ஒரு கொள்கையாகவே பரப்பியபோது, 1886இல் ரோமாபுரி தடை போட்டது. 1963இல் அத்தடை நீங்கியது. உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இருக்கக் கூடாது, அவ்வளவே. 2016இல் வந்த அறிவுரை, சாம்பலைத் தூவாமல் புனிதமான ஓரிடத்தில் வைக்கச் சொல்கிறது. உறவினர் வந்து செபிக்க ஓர் இடம் வேண்டுமல்லவா?

அந்த இடமே கிடைக்காதவர்களும் நம்மிடையே உண்டு. 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் சரக்கு வண்டிகளில் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலை. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. காலராவில் செத்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் பொறித்த வரிசைக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் திருச்சபை இறந்தோர் எல்லாருக்காகவும் செபிக்கிறது. கல்லறை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.