துணைப்பாடமும் பொறியியல் மேற்படிப்பும்: நீலகிரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சென்னைப் பல்கலைக்கழக மரபில் இளம் அறிவியல் மாணவர் முதன்மைப் பாடத்துடன் துணைப்பாடங்களையும் பயின்று வந்தனர். 'ஆன்சிலரி' என்றும் பின்னர் 'அலைடு' என்றும் வழங்கப்பெற்ற இவை பெரும்பாலும் முதன்மைப் பாடத்தின் நிழலிலேயே நின்றன. எனினும், இயற்பியல் மாணவர் பொறியியலுக்குள் நுழைந்தபோது அவருக்குக் கைகொடுத்தது துணைப்பாடமாகப் பயின்ற கணிதமே என இக்கட்டுரை கருதுகிறது.

இத்தகைய நுழைவுக்குத் தமிழகத்தில் முன்பு திட்டமான ஒரு வழி இருந்தது. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி., அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்து மூன்றாண்டுத் தொழில்நுட்பக் கல்வி வழங்கியது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அப்துல் கலாம் அங்கு வானூர்திப் பொறியியலையும், அதே கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியலையும் கற்றனர். தம் நாட்டம் பொறியியலே என்பதை இளநிலைப் படிப்பின் இறுதியில்தான் உணர்ந்ததாகக் கலாம் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அவ்வளவு காலம் கடந்து உணர்ந்தவருக்கும் அன்று வாயில் திறந்திருந்தது.

நீலகிரிக்கு வருவோம். ஜான் சல்லிவன் 1820களில் கட்டிய கல் பங்களா வளாகத்தில் உதகை அரசு கலைக் கல்லூரி 1955இல் தொடங்கப்பெற்றது. பதினைந்து ஆண்டுகளில், நகரையடுத்த முத்தோரையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வானொலித் தொலைநோக்கி எழுந்தது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் அமைந்துள்ளது. உதகையின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகையே. எனவே தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் சுழற்றி ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடர முடிகிறது. இதனை இயற்பியலின் சாதனை என்பதா, கணிதத்தின் சாதனை என்பதா, கட்டுமானப் பொறியியலின் சாதனை என்பதா? துறைப் பெயர்கள் இங்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

இதனை வடிவமைத்த கோவிந்த் சுவரூப்பின் கல்விப் பாதையும் அத்தகையதே. அலகாபாத்தில் இயற்பியலில் முதுகலை பெற்ற அவர், ஸ்டான்ஃபோர்டில் ரொனால்டு பிரேஸ்வெல்லின் கீழ் முனைவர் ஆய்வு செய்தார். பிரேஸ்வெல் அங்கு மின்பொறியியல் பேராசிரியர். ஃபூரியர் உருமாற்றம் குறித்து 1965இல் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்டவர். நிலவு ஒரு வானொலி மூலத்தை மறைக்கும்போது பதிவாகும் அலைமாற்றத்திலிருந்து அம்மூலத்தின் வடிவை மீட்பதே முத்தோரைத் தொலைநோக்கியின் தொடக்ககால நோக்கம். அம்மீட்புக்கு ஃபூரியர் கணிதம் இன்றியமையாதது. இயற்பியல் மாணவர் துணைக்கணிதத் தாளில், தேர்ச்சி மதிப்பெண் போதும் என்ற மனநிலையில் கடந்துபோகும் ஃபூரியர் தொடர் இக்கணிதத்தின் முதற்படியே.

இன்று நிலைமை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுக் கட்டமைப்பு, துணைப்பாடத்தைத் தனித்த பிரிவாகவே வரையறுக்கிறது. முதுகலை இயற்பியல் முடித்தோர் கேட் தேர்வின் வழியாகப் பல நிறுவனங்களில் எம்.டெக். சேர இயலும். ஆனால் தமிழகத்தில் அறிவியல் பட்டதாரி பொறியியல் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர, மேல்நிலைப் பள்ளியிலேயே கணிதம் பயின்றிருத்தல் வேண்டும். மேல்நிலையில் கணிதமில்லாப் பிரிவை எடுத்த மலைப்பகுதி மாணவி, பின்னர்க் கல்லூரியில் துணைக்கணிதத்தில் எத்துணைச் சிறந்தாலும், இவ்விதியின்படி அத்தேர்ச்சி கணக்கில் கொள்ளப்படுவதில்லை.