சாந்தாவின் கணக்கு

டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரி 19 அன்று மறைந்தார். அப்போது வந்த இரங்கல் குறிப்புகளைச் சேர்த்துவைத்து முதுகலை மாணவிகளோடு வாசித்தேன். அவர் பெயரைச் சுற்றி வரும் அடைமொழிகளுக்குக் கோடிடச் சொன்னேன். அன்னை, கருணை வடிவம், தியாகச் சுடர் என்று கோடுகள் நீண்டன. திருமணம் செய்துகொள்ளாததும் எளிய புடவையும் தவறாமல் வந்தன. ‘ஆய்வாளர்’ என்ற சொல்லைத் தேட வேண்டியிருந்தது. சி.வி. ராமன் தாத்தா முறை, எஸ். சந்திரசேகர் தாய்மாமன் என்ற செய்திக்கு மட்டும் குறைவில்லை. அந்த இருவரையும் நாம் கருணைக்காகவா நினைவில் வைத்திருக்கிறோம்?

சாந்தா 1927இல் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949இல் எம்.பி.பி.எஸ்., 1955இல் மகப்பேறு, பெண்நோய் மருத்துவத்தில் எம்.டி. முடித்தார். மருத்துவம் படித்த பெண் பிரசவம் பார்ப்பார் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. தேர்வாணையத் தேர்வில் தேறி, அரசு மகளிர் மருத்துவமனை வேலையும் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, 12 படுக்கைகளோடு தொடங்கி ஓராண்டுகூட நிறையாத அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1955 ஏப்ரலில் சேர்ந்தார். ஆண் இப்படி ஒரு முடிவெடுத்தால் துணிச்சல் என்போம். பெண் எடுத்தால் உடனே தியாகம். அந்த நோயை அறிந்துவிட வேண்டும் என்ற ஆசை ஒரு பெண்ணுக்கு இருந்திருக்கும் என்று எழுத ஏனோ கை வருவதில்லை.

அவர் போய்ச் சேர்ந்த இடமும் கவனிக்கத்தக்கது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டி 1954இல் உருவாக்கியது அது. ஆங்கிலப் பெயர்ப்பலகையில் ‘டபிள்யூ.ஐ.ஏ.’ என்று இன்றும் அடைப்புக்குறிக்குள் நிற்பது அந்தச் சங்கம்தான். வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் கட்டிய மருத்துவமனை என்பதை எத்தனை பேர் அறிவோம்?

அங்கே முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து சாந்தா செய்த முதல் பெரிய ஆய்வு வாய்ப்புற்றுநோய் பற்றியது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நம் ஊரின் நோய் அது. கன்னத்தின் உட்புறத்தில் புண்ணாகத் தொடங்கும். முற்றிய நிலையில் வருவோருக்குக் கதிர்வீச்சை மட்டும் கொடுக்காமல் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, விளைவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பின்னாளில், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கான கூட்டு மருந்துத் திட்டத்தைச் செயல்படுத்திய இந்திய மருத்துவமனைகளில் அடையாறும் ஒன்று.

1980 முதல் 1997 வரை அவர் இயக்குநர். நிதி கேட்டு அலைந்தது, அரசுகளோடு வாதிட்டது என்று அந்தப் பகுதி ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத ஒரு வேலை. 1981இல் சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு அங்கே தொடங்கியது. புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. ஆகவே பதிவேட்டின் ஊழியர்களே ஒவ்வொரு மருத்துவமனையாகப் போய் நோயாளிக் குறிப்புகளைப் புரட்டினார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் பார்த்தார்கள். பெயர், வயது, முகவரி, நோய் கண்ட உறுப்பு என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடாமல் சரிபார்த்தார்கள். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் ‘வயிற்று நோவு’, ‘பெரும்பாடு’ என்று வீட்டுக்குள்ளேயே முடிந்துபோன பெண்களின் சாவுக்கு வேறு யார் கணக்கு வைத்தார்கள்?

பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்கு வந்தது. எந்த வயதுப் பெண்களுக்கு எந்தப் பரிசோதனை, எந்த ஊரில் முகாம் என்று முடிவெடுப்பதற்கு அந்த எண்கள்தான் ஆதாரம். ஊழியர்கள் இன்றும் அடையாறிலிருந்து கிளம்பிப்போய் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.