கையுலானியின் வீட்டில் விருந்தாளி யார்?

ஹவாய்க்கு நாங்கள் ஒருவரும் போனதில்லை. இப்போதைக்குப் போக வசதியும் இல்லை. ஆனாலும் வைக்கீக்கீக் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்குகிறவருக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்று கேட்டால் எங்களால் சொல்ல முடியும். நீங்களும் சொல்லுவீர்கள். வாசலில் கழுத்துக்கு ஒரு பூமாலை, "அலோஹா" என்று ஒரு வரவேற்பு, வெண்மணல், பின்னேரத்தில் கிற்றார் இசை, ஹூலா நடனம், இரவில் மடிப்புக் கலையாத விரிப்புப் போட்ட கட்டில். படங்களும் விளம்பரங்களும் பார்த்துப் பார்த்தே பாதி ஹவாயில் தங்கி முடித்துவிட்டோம்.

இந்தக் கட்டுரையில் செய்யப்போவது சின்ன வேலைதான். அந்த விருந்தாளிக்குக் கிடைக்கிற ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது முந்தி யாருடையது என்று கேட்கப் போகிறோம். தொடங்குவதற்கு வசதியாக ஒரு ஹோட்டலின் பெயரை எடுப்போம். 1955இல் வைக்கீக்கீயில் திறக்கப்பட்டு, நான்கு வருடத்தில் ஷெரட்டனின் கைக்குப் போன ஹோட்டல் அது. பெயர் பிரின்சஸ் கையுலானி.

பெயர்

கையுலானி உண்மையான இளவரசி. 1875இல் பிறந்தவர். தாய் லிகெலிகெ ஹவாய் அரச குடும்பம், தகப்பன் ஸ்கொட்லாந்துக்காரர். பிறந்தபோது ஞானத்தாய் ரூத் இளவரசி வைக்கீக்கீயில் சுமார் 10 ஏக்கர் நிலத்தைப் பரிசாகக் கொடுத்தார். ஆய்னஹௌ என்று பெயரிட்ட அந்தத் தோட்டத்தில் ஒரு பெரிய ஆலமரம் நின்றது, மயில்கள் திரிந்தன. 1889இல் ஹவாய்க்கு வந்திருந்த எழுத்தாளர் ரொபேர்ட் லூயி ஸ்டீவன்சன் அந்த ஆலமரத்தின் கீழ் இருந்துதான் பதின்மூன்று வயதுச் சிறுமியோடு கதைத்துக்கொண்டிருப்பார். அதே வருடம் அவரைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

அவர் அங்கே இருக்கும்போதே நாடு போய்விட்டது. 1893 ஜனவரி 17ஆந் திகதி, அமெரிக்கப் போர்க்கப்பலில் இருந்து இறங்கிய படையினர் ஹொனலுலு வீதிகளில் நிற்க, அமெரிக்க - ஐரோப்பிய வழிவந்த வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்த ஒரு குழு லிலியுவோகலானி அரசியை ஆட்சியிலிருந்து இறக்கியது. கையுலானிக்கு அப்போது பதினேழு வயது. கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார். பத்திரிகைக்காரர்கள் முன்னால் அறிக்கை வாசித்தார். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கிளீவ்லாந்தைச் சந்தித்தார். கிளீவ்லாந்து இணைப்பு ஒப்பந்தத்தை மீளப்பெற்றார். ஆனால் 1898இல், அடுத்த ஜனாதிபதியின் காலத்தில், ஸ்பெயினோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. பசிபிக் நடுவில் கடற்படைக்கு ஒரு தளம் தேவைப்பட்டது. அதுதான் விசயம்.

அதற்கு அடுத்த மாதம் நடந்ததுதான் எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. இனி ஹவாயை எந்தச் சட்டத்தின் கீழ் ஆள்வது என்று தீர்மானிக்க அமெரிக்காவிலிருந்து ஆணையாளர்கள் வந்திறங்கினார்கள். 1898 செப்டெம்பரில் கையுலானி அவர்களை ஆய்னஹௌவுக்கு அழைத்து, நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு லூஅவு என்கிற பாரம்பரிய விருந்து வைத்தார். வீடு அவருடையது. விருந்தும் அவருடையது. நாடு மட்டும் சாப்பிட வந்தவர்களுடையது. அப்ப அந்த மேசையில் விருந்தாளி யார்?

ஆறு மாதத்தில், 1899 மார்ச் 6ஆந் திகதி, கையுலானி இறந்துபோனார். வயது 23. இதை எழுதுகிற எங்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

அலோஹா

கையுலானி இறந்து இரண்டு வருடத்தில், 1901 மார்ச் 11ஆந் திகதி, ஆய்னஹௌவிலிருந்து கூப்பிடு தூரத்தில் மோவானா ஹோட்டல் திறக்கப்பட்டது. வைக்கீக்கீயின் முதலாவது பெரிய கடற்கரை ஹோட்டல் அது. 75 அறைகள், மின்சார லிப்ட், அறைக்குள்ளேயே குளியலறையும் தொலைபேசியும். ஒரு இரவுக்கு ஒன்றரை டொலர்.

பிறகு மாட்சன் கப்பல் கொம்பனி வந்தது. கப்பலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தால் அவர்களைத் தங்கவைக்க இடம் வேண்டுமே! 1927 பெப்ரவரியில் ரோயல் ஹவாயன் என்கிற இளஞ்சிவப்பு ஹோட்டல் திறக்கப்பட்டது. கப்பல் வருகிற நாள் ஹொனலுலுவில் திருவிழா மாதிரி. துறைமுகத்தில் பாண்ட் வாத்தியம் முழங்கும், பூமாலைகள் விழும், "அலோஹா" கேட்கும். அந்த நாள் பயணிகளின் ஞாபகங்களில் தவறாமல் இருப்பது அந்த வரவேற்பு.

இப்போது அந்தச் சொல்லை எடுப்போம். அலோஹா என்றால் அன்பு, இரக்கம், வணக்கம், போய்வருகிறேன் எல்லாம்தான். "அலோஹா ஆய்னா" என்றால் நிலத்தின் மீதான அன்பு. ஹவாய்ப் பூர்வீக மக்களிடம் அது தேசப்பற்றைக் குறிக்கிற சொல்லும்கூட. 1897இல் அமெரிக்காவோடு இணைக்கவேண்டாம் என்று தீவு தீவாகப் போய்க் கையெழுத்து வாங்கிய சங்கத்தின் பெயர் ஹுயி அலோஹா ஆய்னா. அதன் பெண்கள் பிரிவும் சேர்ந்து 21,000இற்கு மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. அந்தக் காலத்தில் ஹவாய்ப் பூர்வீக மக்கள் தொகையே ஏறத்தாழ 40,000தான். பாதிக்கு மேல் ஆட்கள் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்! அந்தக் காகிதங்கள் வொஷிங்டனுக்குப் போயின. அந்த முறை ஒப்பந்தம் தோற்றது. அடுத்த வருடம் வேறு வழியில் இணைத்தார்கள்.

எதிர்ப்பின் பெயரில் இருந்த சொல், முப்பது வருடத்தில் வரவேற்பு மேசையின் சொல்லாகிவிட்டது.

மணல்

வைக்கீக்கீ என்றால் பீறிடும் நீர் என்று அர்த்தம். மலையிலிருந்து ஓடைகள் வந்து இங்கே பரவி ஊறிக் கடலில் சேர்ந்தன. அந்த நீரில் சேம்பு வயல்களும் மீன் வளர்க்கும் குளங்களும் இருந்தன. சேம்பு ஹவாய் மக்களுக்குப் பயிர் மட்டுமில்லை, அவர்களின் ஐதிகத்தில் மனிதருக்கு மூத்த சகோதரன். பிந்திய காலத்தில் சீனக் குடியேறிகள் அந்த வயல்களில் நெல் போட்டார்கள், தாரா வளர்த்தார்கள்.

ஹோட்டல்காரருக்கு அது சதுப்பு நிலம். நுளம்பு, நாற்றம். 1906இல் சுகாதாரச் சபைத் தலைவர் வைக்கீக்கீயைச் சுகாதாரக்கேடான இடமாகக் காட்டி, நீரை வடித்து நிலத்தை நிரப்பவேண்டும் என்று அறிக்கை எழுதினார். 1921இல் அலா வாய் கால்வாய் தோண்டத் தொடங்கி 1928இல் முடித்தார்கள். ஓடைகள் திசை திரும்பின, வயல்களும் குளங்களும் மூடப்பட்டன, விற்பதற்குக் காணி கிடைத்தது. சேம்பும் நெல்லும் விளைவித்தவர்கள் நகரத்துக்குள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள்.

சரி, வெண்மணலாவது இயற்கையா? அதுவும் முழுசாக இல்லை. கரையோரத்தில் சுவர் கட்டிக் கட்டிடங்கள் எழுப்ப, அலை மணலை அரித்துக்கொண்டு போனது. பிறகு வேறு கடற்கரைகளிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். மோலோக்காய் தீவின் பப்போஹாக்குக் கடற்கரையும் அவற்றில் ஒன்று. 2012இல் ஆழத்திலிருந்து பம்ப் பண்ணி மணல் எடுத்துப் போட்டார்கள். விருந்தாளி கால் புதைத்து நடக்கிற மணல், இன்னொரு கரையில் குழியாக இருக்கிறது.

இசையும் ஆட்டமும்

மோவானாவின் முற்றத்தில் 1904இல் நட்ட ஓர் ஆலமரம் இன்னும் நிற்கிறது. 1935 முதல் நாற்பது வருடம் "ஹவாய் கோல்ஸ்" என்கிற வானொலி நிகழ்ச்சி பெரும்பாலும் இந்த மரத்தடியிலிருந்துதான் ஒலிபரப்பானது. ஒலிப்பதிவுக்காரர் மைக்கைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி அலைச் சத்தத்தையும் சேர்த்து அனுப்புவார். கடல்நீரின் வெப்பநிலையையும் அறிவிப்பார்கள். பனிக்காலத்தில் சிக்காகோவில் குளிரில் இருக்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வருவதற்கு முந்தியே விருந்தாளியாகிவிட்டார்.

ஹூலாவின் கதை இன்னும் சுற்றுவழி. கிறிஸ்தவ மிஷனரிகளின் செல்வாக்கில் 1830இல் காஹுமானு அரசி பொது இடங்களில் ஹூலா ஆடுவதைத் தடுத்தார். 1883இல் தனது முடிசூட்டு விழாவில் அதைத் திரும்ப மேடையேற்றியவர் கலாக்காவுவா மன்னர், கையுலானியின் தாய்மாமன். 1937இல் கொடாக் கொம்பனி வைக்கீக்கீயில் இலவச ஹூலா காட்சி தொடங்கியது. அது பகலில் நடந்தது. ஏனென்றால் அந்த நாள் பிலிமுக்கு வெளிச்சம் தேவை. வெயில் யார் பக்கம் விழவேண்டும், ஆடுகிறவர்கள் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கமெரா தீர்மானித்தது. அந்தக் காட்சி 2002 வரை நடந்தது.

இதில் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அநியாயம். கடற்கரை மேடைகள் ஹவாய்க் கலைஞர் பலருக்குச் சோறு போட்டன. ஹவுனானி-கே ட்ராஸ்க் போன்ற ஹவாய் அறிஞர்கள் இதைப் பண்பாட்டை விற்பது என்று கடுமையாக எழுதினார்கள். வேறு சிலர் சத்தமில்லாமல் வேறொரு வேலை செய்தார்கள். ஹிலோ நகரத்தில் கலாக்காவுவாவின் நினைவாக நடக்கும் மெரி மொனார்க் விழாவில் 1971 முதல் ஹூலாப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே ஆடுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஹூலா தெரிந்தவர்கள். விருந்தாளி வந்தால் வரலாம், அவருக்காக எதையும் சுருக்கமாட்டார்கள்.

கட்டில் விரிப்பு

1959 இரண்டு விதத்தில் முக்கியமான வருடம். ஓகஸ்டில் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமானது. ஜெட் விமானமும் வந்தது. கப்பலில் ஐந்து நாள் போன தூரம் ஐந்து மணித்தியாலமானது. அந்த வருடம் சுமார் 2.4 இலட்சம் பேர் வந்தார்கள். 2019இல் ஒரு கோடிக்கு மேல். மாநிலத்தின் சனத்தொகை 14 இலட்சம்தான்.

அதே 1959இல் மாட்சன் தனது வைக்கீக்கீ ஹோட்டல்களை ஷெரட்டனுக்கு விற்றது. மோவானா, ரோயல் ஹவாயன், பிரின்சஸ் கையுலானி எல்லாம் ஒரே கைக்கு வந்தன. 1963இல் மோவானாவையும் பிரின்சஸ் கையுலானியையும் ஜப்பானியத் தொழிலதிபர் கெஞ்சி ஒசானோ வாங்கினார். ஆனால் நடத்தியது தொடர்ந்தும் ஷெரட்டன். 2016இல் ஷெரட்டனின் தாய்க் கொம்பனியை மரியட் வாங்கியது. பெயர்ப்பலகை ஒருவருடையது, கட்டிடம் இன்னொருவருடையது, நிர்வாகம் மூன்றாமவருடையது. விருந்தாளிக்கு இது தெரியத் தேவையில்லை. அவருக்கு எந்த ஊரிலும் ஒரே மாதிரிக் கட்டில், ஒரே மாதிரித் துவாய். இந்த ஹோட்டல் முறை விற்பதே அதைத்தான்.

அந்தக் கட்டிலை விரிக்கிறவர் யார்? வைக்கீக்கீயில் பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பெண்கள். 2018 ஒக்டோபர் 8ஆந் திகதி, மரியட் நடத்திய ஐந்து ஹோட்டல்களில் சுமார் 2,700 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிரின்சஸ் கையுலானியும் அந்த ஐந்தில் ஒன்று. அவர்களின் சுலோகம் எளிமையானது: வாழ்வதற்கு ஒரு வேலை போதுமானதாக இருக்கவேண்டும். ஹவாயில் வாடகையும் சாப்பாட்டு விலையும் அப்படி. இரண்டு வேலை செய்தும் கட்டாது.

அவர்களின் முறைப்பாடுகளில் ஒன்று எங்களைத் திடுக்கிட வைத்தது. சூழலைக் காப்பாற்ற உங்கள் அறையை இன்று சுத்தம் செய்யவேண்டாம் என்று சொல்லுங்கள், பதிலுக்குப் புள்ளிகள் தருகிறோம் என்று விருந்தாளிக்கு ஒரு தெரிவு கொடுக்கப்பட்டது. நல்ல விசயம்தானே? நாங்களும் யோசிக்காமல் ஓம் சொல்லியிருப்போம். ஆனால் அப்படி ஓம் சொல்லச் சொல்லத் துப்புரவுப் பெண்களின் வேலை மணித்தியாலம் குறைகிறது. பல நாள் துடைக்காத அறையைப் பிறகு ஒரேயடியாகச் சுத்தம் செய்கிற பாரமும் அவர்கள் தலையில்தான். போராட்டம் 51 நாள் நீடித்தது. சம்பள உயர்வோடு முடிந்தது.

முக்கோணப் பூங்கா

கையுலானியின் தகப்பன் 1910இல் இறந்தபோது, ஆய்னஹௌவை மகளின் நினைவாகப் பொதுப் பூங்காவாக்கவேண்டும் என்று உயில் எழுதிவைத்திருந்தார். அரசாங்கம் ஏற்கவில்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். இளவரசியின் வீடு கொஞ்சக் காலம் விருந்தினர் விடுதியாக இயங்கி, 1921இல் எரிந்துபோனது. ஸ்டீவன்சன் இருந்து கதைத்த ஆலமரத்தை 1949இல் வெட்டினார்கள். அந்தத் தோட்ட நிலத்தின் ஒரு பகுதியில்தான் அவருடைய பெயரிலேயே ஹோட்டல் எழுந்தது.

1993இல், ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து நூறு வருடம் கழித்து, அமெரிக்கக் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் நிலம் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. 2020 கணக்கெடுப்பில் ஹவாய்ப் பூர்வீக மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஹவாய்க்கு வெளியே வாழ்வது தெரியவந்தது. சொந்த ஊருக்கு வர அவர்களும் டிக்கெட் போட்டுத்தான் வரவேண்டும். வந்தால் தங்குவதற்கு இடமும் தேடவேண்டும்.

விருந்தாளியைக் குற்றவாளி ஆக்குவது எங்கட நோக்கமில்லை. வருடம் முழுக்க உழைத்து, காசு சேர்த்து, ஒரு கிழமை கடலைப் பார்க்க வருகிறவர்தான் அவர்களில் அதிகம். கையுலானியின் மேசையில் இருந்தவர்களும் சாப்பாடு நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்கள். ஒரு கரையில் தங்கிவிட்டுத் திரும்புகிறவர் அறை, சாப்பாடு, கடல் மூன்றுக்கும் புள்ளி போடுகிறார். கரை யாருடையது என்பதற்குப் புள்ளி போட இடம் இல்லை. கடலோர ஊர்களில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியவில்லை.

1999இல் வைக்கீக்கீயில் கையுலானிக்கு ஒரு சிலை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு மயில். சிலை நிற்கிற இடம் தெருக்கள் சந்திக்கிற ஒரு சின்ன முக்கோணப் பூங்கா. தகப்பன் கேட்ட பூங்காவில் அவ்வளவுதான் மிஞ்சியது.