பயிர்ச்சேத நிவாரணம் (திருவண்ணாமலை மாவட்டம்)

இயற்கைப் பேரிடரில் பயிரிழந்த விவசாயிகள் மறுசாகுபடி செய்ய அரசு வழங்கும் இடுபொருள் மானியம். இதற்கான மாவட்ட நிர்வாகம் வேங்கிக்காலிலுள்ள ஆட்சியர் அலுவலகத்திலிருந்து இயங்குகிறது.

நிதி: மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு 75%, தமிழக அரசின் பங்கு 25%.

நடைமுறை: வருவாய், வேளாண், தோட்டக்கலைத் துறையினர் கூட்டாகக் கணக்கெடுப்பர். 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கே தொகை உண்டு. பயிர்க் காப்பீடு போலன்றி, இதற்குப் பிரீமியம் கிடையாது.

ஃபெஞ்சல் புயல்: 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியது. அப்போது தமிழக அரசு ஹெக்டேருக்கு அறிவித்த நிவாரணம்: நெல் உள்ளிட்ட இறவைப் பயிர் 17,000 ரூபாய், மானாவாரி 8,500, பல்லாண்டுப் பயிர் 22,500.

குத்தகை விவசாயி: பட்டா நில உரிமையாளர் பெயரில் இருப்பதால், உழுதவருக்கே தொகை சேர, அடங்கலில் அவர் பெயர் பதிவாவது இன்றியமையாதது.