வால்நட்சத்திரத்தை மறைத்த பனி

சென்ற வாரம் எங்கள் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டிய படத்தைப் போட்டிருந்தேன். “சார், குழாயைச் சுத்தி என்ன பெல்ட்டு கட்டியிருக்கீங்க?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெல்ட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1986 மார்ச் மாதம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஹாலி வால்நட்சத்திரம் விடியற்காலையில் தென்கிழக்கே தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு தீற்றல்தான். நம்மூர் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1987இல். அதனால் தெரிந்தவர் ஒருவரிடம் சிறிய தொலைநோக்கியை இரவல் வாங்கிப் பள்ளி மைதானத்தில் வைத்தேன். சுற்றிலும் பிசான வயல்கள். நாலரை மணிக்கே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

முதல் பத்துப் பேருக்குத் தெரிந்தது. பிறகு ஒரே பால் போல வெளுப்பு. பழுது என்று நினைத்து, வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் வெளுப்பு. பக்கத்து ஊரிலிருந்து இருட்டில் நடந்து வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்ணை வைத்துப் பார்த்தாள். “தெரிஞ்சுதாம்மா?” என்றேன். “தெரிஞ்சுது சார்” என்றாள். எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டேன். ஹாலி இனி வருவது 2061இல்.

அன்று என்னைத் தோற்கடித்தது பனி. “பனி பெய்யுது” என்றுதான் நாம் சொல்கிறோம். உண்மையில் பனி மேலிருந்து விழுவதில்லை. இதைச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். கம்பளிப் பஞ்சை எடை போட்டு இரவில் திறந்த வெளியில் வைப்பார். பிறகு மறுபடியும் எடை போட்டு எவ்வளவு ஈரம் ஏறியிருக்கிறது என்று கணக்கிடுவார். பலகையின் மேலே வைத்த பஞ்சு அதிகம் நனைந்தது. பலகைக்குக் கீழே, வானம் மறைந்த இடத்தில் வைத்த பஞ்சு குறைவாகவே நனைந்தது. தெளிந்த இரவில் பொருள்கள் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அங்கே துளியாகிறது. 1814இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். மூட்டமான இரவில் பனி குறைவு என்பது நம் விவசாயிகளுக்கு எப்போதோ தெரியும். அதற்குக் காரணம் சொன்னவர் வெல்ஸ்.

வானம் பார்ப்பவனின் சங்கடம் இதுதான். நட்சத்திரம் நன்றாகத் தெரியும் தெளிந்த இரவில்தான் லென்ஸும் வேகமாகக் குளிர்கிறது. நம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறதே, அங்கும் காற்றுமண்டலத்தின் உச்சியில் உண்டாகும் மெல்லிய ஒளியைப் படம் பிடிக்க நிலவில்லாத, மேகமில்லாத இரவுகளுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

பெரிய தொலைநோக்கிகளுக்குக் கூரை உண்டு. வெல்ஸின் பலகையைப் போலவே கூரையும் வானத்தை மறைத்துக் கருவியைக் காக்கிறது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகம் அப்படிப்பட்டது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். சவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் குவிமாடமும் அதே காவல்தான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதன் வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது.

மொட்டைமாடிக்காரனுக்குக் குவிமாடம் ஏது? முதலில் வந்த வழி, லென்ஸுக்கு முன்னால் நீண்ட குழாயைத் தொப்பி போல மாட்டுவது. லென்ஸ் பார்க்கும் வானத்தின் அளவு குறையும், குளிர்வதும் தாமதமாகும். அது போதாத இரவில் லேசான சூடு தேவை. மின்தடைகளைக் கோத்த பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டி, 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தார்கள். நீங்கள் பார்த்த பெல்ட் அதுதான்.

ஓம் விதியை மறந்திருக்க மாட்டீர்கள். தடை 20 ஓம் என்றால் 144ஐ 20ஆல் வகுக்க 7.2 வாட். 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. கணக்குப்படி பதினொன்றரை மணி நேரம் வர வேண்டும். ஆனால் அதே பேட்டரிதான் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரையும் கேமராவையும் ஓட்ட வேண்டும். ஈய-அமில பேட்டரியை முழுக்கக் காலி செய்தால் அதன் ஆயுளும் போய்விடும். சூடு அதிகமானால் இன்னொரு தொல்லை. லென்ஸுக்கு முன்னால் காற்று அலைபாய்ந்து, அடுப்புக்கு மேலே பார்ப்பது போல நட்சத்திரம் ஆடும்.

ஆகவே தேவையான அளவுக்கு மட்டும் சூடு வேண்டும். இங்கேதான் கணினி நிரல் வருகிறது. ஒரு சிறிய பெட்டியில் காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் உணரிகள் உண்டு. 24 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம் என்றால், சுமார் 22.3 டிகிரியில் பனி படியத் தொடங்கும் என்று நிரல் கணக்கிடும். லென்ஸ் இரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும், ஆபத்து. உடனே பட்டைக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, லென்ஸை அந்தப் புள்ளிக்குச் சற்று மேலேயே வைத்திருக்கும். பேட்டரி இறங்கினால் எச்சரிக்கும். எந்தக் கருவிக்கு மின்சாரத்தை நிறுத்தலாம் என்பதைத் திரையிலேயே நாம் தேர்ந்தெடுக்கலாம்.

முன்பெல்லாம் ஒவ்வொரு கருவிக்கும் தனி நிரல், ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. 1990களின் இறுதியில் அமெரிக்கர் பாப் டென்னி ‘ஆஸ்காம்’ என்ற பொது முறையைக் கொண்டுவந்தார். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ‘இண்டி’ வந்தது. இப்போது மோட்டார், கேமரா, சூட்டுப் பட்டை எல்லாம் ஒரே மடிக்கணினிக்குக் கட்டுப்படுகின்றன.

என் மாணவர் ஒருவர்தான் பெங்களூரிலிருந்து இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். சென்ற வாரம் நடுச்சாமம் வரை லென்ஸ் மங்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் பனி வழிந்துகொண்டிருந்தது.

அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு இப்போது கல்லூரி போகும் மகள் இருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன்பு போனில் பேசியபோது சொன்னாள்: “சார், அன்னைக்கு ஒண்ணுமே தெரியல சார். பின்னாடி நிறையப் பேரு நின்னாங்க. நீங்க வருத்தப்படுவீங்களேன்னு தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்.” ஆசிரியர் மனம் நோகக் கூடாது என்று ஒரு குழந்தை பொய் சொல்ல வேண்டியிருந்தது. சந்தேகப்பட்ட நானும் இன்னொரு முறை கேட்கவில்லை. பனியைவிட அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. லென்ஸில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முடிக்கு அடிக்கும் டிரையரில் இளஞ்சூடாகக் காற்று காட்டினால் போதும். பிள்ளை “தெரியுது” என்று சொன்னால், “என்ன தெரியுது, சொல்லு பார்ப்போம்” என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

வரும் சனிக்கிழமையும் மாடியில்தான் இருப்பேன். தெற்கே அகத்திய நட்சத்திரம் உச்சத்துக்கு வரும்போது நம்மூரில் 28 பாகை உயரத்தில் நிற்கும். பொதிகை மலை அடிவாரத்துக்காரர்கள் அகத்தியரைப் பார்க்காமல் இருக்கலாமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பெண்ணும் மகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.