கங்காரு: ஒரு பெயரின் வரலாறு

பிறர் மொழியைக் கேட்டறிவதில் பிழை நேர்ந்தால், கேட்டவரை விடுத்துச் சொன்னவரையே நகைப்பது உலக வழக்கம். ‘கங்காரு’ என்னும் பெயரின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1770-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜேம்ஸ் குக்கின் ‘எண்டெவர்’ கப்பல், ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையருகே பவழப் பாறையில் மோதிச் சேதமுற்றது. இன்று குக்டவுன் என வழங்கும் இடத்தில், ஓர் ஆற்றின் கரையில் அதனை ஏற்றிச் செப்பனிட்டனர். ஏறக்குறைய ஏழு வாரங்கள் அங்கே தங்கினர். அப்பகுதியில் வாழ்ந்தோர் கூகு யிமிதிர் மொழி பேசும் தொல்குடியினர். குட்டியை வயிற்றுப் பையில் வளர்த்து, பின்னங்கால்களால் தாவிச் செல்லும் விலங்கொன்றை அவர்கள் ‘கங்குரு’ என்றனர். குக்கும், உடன் வந்த இயற்கையியல் அறிஞர் ஜோசப் பாங்க்ஸும் அப்பெயரைத் தத்தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

1788-இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயர் இச்சொல்லையே அங்குள்ள மக்களிடம் வழங்கினர். இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, மொழியும் வேறு. சிட்னி மக்கள் அவ்விலங்கை அழைத்த பெயர் ‘பட்டகரங்’. கங்காரு என்பதை அவர்கள் வந்தவர்களின் சொல்லென்றே கருதினர். பசுக்களைக் கண்ட ஒருவர், “இவையும் கங்காருவோ?” என வினவியதாக வாட்கின் டெஞ்ச் என்னும் படை அதிகாரி எழுதியுள்ளார்.

1820-இல் பிலிப் பார்க்கர் கிங் குக் தங்கிய ஆற்றங்கரைக்கே சென்று பெயர் கேட்டார். கிடைத்ததோ வேறொரு சொல். குக் எழுதியது பிழையோ என்னும் ஐயம் அதனால் வலுத்தது. ‘எனக்குத் தெரியாது’ என்று அம்மக்கள் சொன்னதே விலங்கின் பெயராயிற்று என்னும் கதையும் பின்னர்ப் பரவியது.

1970-களின் தொடக்கத்தில் ஜான் ஹாவிலண்ட் என்னும் அறிஞர் அம்மொழியை அதனைப் பேசுவோரிடமே பயின்றார். உண்மை புலனாயிற்று. ‘கங்குரு’ என்பது பெரிய கங்காருக்களுள் ஒரு குறிப்பிட்ட வகையின் பெயர்; ஏனைய வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கிங் கேட்ட சொல் ‘மின்ஹா’. உண்ணத்தக்க விலங்கு என்பது அதன் பொருள். இருமுறையும் அம்மக்கள் சரியாகவே விடையளித்திருந்தனர்.

வாலபி, கோவாலா, வோம்பட் என்னும் பெயர்கள் சிட்னிப் பகுதி மொழியின் கொடை. குவாக்கா, நும்பட் ஆகியவை தென்மேற்கில் வழங்கும் நியுங்கர் மொழியின் கொடை. மொழி வேறான ஊர்களில் வாழும் நாம் இதிலிருந்து அறியத்தக்கது ஒன்றுண்டு: விடை விளங்காதபோது, விடை சொன்னவர் அறியாதவர் என்று முடிவு கட்டலாகாது. மீண்டும் ஒருமுறை கேட்பதே முறை.