கொழுக்கட்டை மாவும் ஏட்டில் ஏறாத கல்வியும்

மதுரைக்காஞ்சியைக் கற்றவர்கள், மாங்குடி மருதனார் காட்டும் இரவு நேரத்துக் கடைத்தெருவை மறந்திருக்கமாட்டார்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் தலைநகரில் யாமம் ஏறிக்கொண்டிருக்கிறது. வாணிகம் ஓய்ந்துவிட்டது. அடையும் மோதகமும் விற்கும் கூவியர் தம் பண்டங்களின் அருகில் இருந்தபடியே உறங்கி விழுகின்றனர். ஓர் அரசனுக்கு நிலையாமையை எடுத்துரைக்க எழுந்த பாட்டில், தூங்கி வழியும் பலகாரக்காரருக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்பது நமக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்த மோதகம் உள்ளீடு வைத்துப் பிடிக்கப்பட்டது என்று புலவர் கூறுகிறார். உரை வகுத்த நச்சினார்க்கினியர் ஒருபடி மேலே சென்று, அவ்வுள்ளீடு பருப்பும் தேங்காயும் என்றும், அவற்றோடு கண்டசருக்கரை கூட்டப்பட்டது என்றும் விளக்குகிறார். உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அந்த உரையோடு அச்சிட்டதனால் இச்செய்தி நம் கைக்கு எட்டிற்று. ஆனால் அந்தப் பருப்பையும் தேங்காயையும் பொதிந்து நின்ற மேல்மாவு எது? அதைப் பிசைந்தது எப்படி? அது ஆவியில் வெந்ததா, நெய்யில் வெந்ததா? பாட்டும் பேசவில்லை, உரையும் பேசவில்லை.

இந்த மௌனம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 1130-ஐ ஒட்டி வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம், அரசர் உண்ணும் பண்டங்களை விரிவாகப் பேசும் நூல். அரிசிமாவில் இனிப்பும் ஏலமும் கற்பூரமும் சேர்த்துச் செய்த மோதகத்தை அது ஆலங்கட்டிக்கு ஒப்பிட்டுப் பெயரிடுகிறது. வெண்மையும் உருட்சியும் மணமும் அந்நூலில் உண்டு. மாவின் பக்குவம் இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளோ கணக்கில் மிகக் கூரியவை. தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் குற்றுவிகிதம்கூடப் பொறிக்கப்பட்டிருக்கிறது. உலக்கை பிடித்த கையின் பயனை நாழிக் கணக்கில் அளந்த அரசு, அந்தக் கை அறிந்திருந்ததைக் கேட்டு எழுதவில்லை. எழுதியவர்கள் உண்டவர்கள், பிசைந்தவர்களின் கையில் எழுத்தாணி இல்லை. காரணம் இதைவிட ஆழமானது அன்று என்றே நாம் எண்ணுகிறோம்.

மாவு பிசைவதில் எழுதிவைக்கும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஆண்கள் கேட்கும் கேள்வி அது. ஒருமுறை பிசைந்து பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இழுத்தால் இழுபடும் அந்தப் பின்னலைக் குளூட்டன் என்பார்கள். அரிசியில் அது இல்லை. பச்சைத் தண்ணீரில் அரிசிமாவைப் பிசைந்து பாருங்கள். கையில் இருக்கும் வரை உருண்டையாக இருக்கும், கிண்ணமாகக் குழிக்கத் தொடங்கியதும் விண்டு போகும். பிறகு எவ்வாறு அதனைப் பூவிதழ் போல் மெல்லிய கிண்ணமாக்கிப் பூரணத்தை வைத்து மூடுகிறார்கள்? விடை கொதிநீரில் இருக்கிறது. ஏறத்தாழ எழுபது பாகை வெப்பத்தில் அரிசியின் மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்துப் பசையாகிறது. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டிக் கிளறும்போது மாவின் ஒரு பகுதி மட்டும் அவ்வாறு வெந்து பசையாகி, வேகாத மற்றப் பகுதியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அப்பகுதியைப் பின்னர் ஆவி வேகவைக்கிறது. ஆகவே கொழுக்கட்டை மாவு இருமுறை வேகும் மாவு. முதல் வேக்காடு குறைந்தால் கொழுக்கட்டை வெடிக்கும். மிகுந்தால் மாவு களியாகிக் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் மிகக் குறுகியது. மாச்சத்து என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த இடத்தை யாரோ ஒரு பெண் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

வேலை அடுப்பில் தொடங்குவதும் அன்று. பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தவேண்டும். ஈரம் முற்றும் போய்விடக்கூடாது. கையில் அள்ளினால் ஒட்ட வேண்டும், உதறினால் விழவேண்டும். அந்தப் பதத்தில் உரலிலிட்டு இடித்து, சல்லடையில் சலித்து, மேலே தங்கும் கப்பியை மறுபடியும் இடிப்பார்கள். ஈர அரிசி இடிபடுவதால் மாவு பட்டுப்போல் விழும். பிறகு கொதிநீரில் உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டு, மாவைத் தூவி, அகப்பைக் காம்பால் கிளறி, மூடிவைப்பார்கள். சூடு ஆறுமுன் பிசைய வேண்டும். ஆறிவிட்டால் மாவு இறுகி விளிம்பெல்லாம் வெடிப்பு விழும். உள்ளங்கை சுடச்சுட எண்ணெய் தொட்டுப் பிசைந்தவர்களைக் கண்டிருக்கிறோம். பிசைந்ததை ஈரத்துணியால் மூடிவைத்து, வேண்டும் அளவு மட்டும் கிள்ளி எடுப்பார்கள். அரிசியை நீர்விட்டு அரைத்து, அந்த மாவுக்கரைசலை வாணலியில் எண்ணெய் விட்டுக் கெட்டியாகக் கிளறும் முறையும் உண்டு. வழி வேறு; நாடுவது அதே அரைவேக்காட்டைத்தான்.

ஆவியைப் பற்றியும் ஒரு சொல். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சி வரை வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இந்நாட்டார் ஆவியில் வேகவைக்கும் கலத்தை அறியார் என்று எழுதிவைத்தார். அதனைப் பிடித்துக்கொண்டு, ஆவியில் அவிக்கும் முறையே இங்குப் பிற்காலத்தில்தான் வந்தது என வாதிடுவோர் உளர். நமக்கு அந்த வாதம் நிறைவளிக்கவில்லை. பானையில் பாதி நீர் வார்த்து, வாயில் துணியை இழுத்து வேடு கட்டி, அதன்மேல் வைத்து மூடினால் போதும். தனிக் கலம் எதற்கு? வந்த விருந்தினர் கூடத்தில் பாத்திரத்தைத் தேடியிருப்பார். துணி அடுக்களையில் கொடியில் உலர்ந்துகொண்டிருந்திருக்கும்.

இந்த மாவின் ஆட்சி எல்லையைக் கண்டால் வியப்பாக இருக்கிறது. மராட்டியத்தில் கொதிநீரில் கிளறிய அரிசிமாவுக்கு உகட் என்று பெயர். அதில் பிடிப்பது உகடீசே மோதக். கன்னடத்தார் கடுபு என்பர்; ஆந்திரர் குடுமுலு என்பர்; ஒடிசாவில் மண்டா பிட்டா. நெல் விளையும் கரையெங்கும் அதே கொதிநீர், அதே சூட்டோடு பிசைதல். சமயமும் இதற்கு வேலியாகவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு இந்து இல்லங்களில் பிடிப்பதும், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமையில் கேரளத்துத் தோமா கிறித்தவர் அவிப்பதும் இம்மாவைத்தான். யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்துப் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் சொரிவார்கள். நம் கரையோர ஊர்களில் வறுத்த அரிசிமாவோடு தேங்காய்த் துருவலும் வெங்காயமும் சேர்த்து, கொதிக்கும் இறைச்சிச் சாற்றை ஊற்றிப் பிசைந்து தக்கடி பிடிப்பார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் ஆணம் வந்திருக்கிறதே தவிர, கைப்பக்குவம் மாறவில்லை. கொழுக்கட்டை எந்தச் சமூகத்தின் பண்டம் என்று வழக்காடுவோர் பூரணத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். மாவைப் பார்த்தால் அந்த வழக்கு நிற்காது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கல்விக்கு இரண்டு சோதனைகள் நேர்ந்தன. ஒன்று, உரலை ஓய்வுறுத்திய மாவு மில். அதைக் குறைகூற நமக்கு மனமில்லை. உலக்கை பிடித்த தோள்களின் வலியை அறியாதவர்களே உரலுக்காகக் கண்ணீர் விடுவார்கள். இயந்திரத்திலிருந்து மாவு சூடாக விழுகிறது, உடனே பரப்பி ஆறவைக்க வேண்டும் என்ற புதிய பாடத்தைப் பெண்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். மற்றொன்று நெல்லே மாறியது. 1966-இல் ஐ.ஆர். 8 வந்தது. பஞ்சத்தின் அச்சத்தைப் போக்கிய அந்நெல்லுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. ஆயினும் அதன் சோறு ஆறினால் விறைக்கும், மாவும் அப்படியே. சம்பாவில் பழகிய கை புதிய அரிசியில் தடுமாறிற்று. தண்ணீர் அளவு, கிளறும் நேரம் இரண்டையும் ஒவ்வொரு வீடும் தனித்தனியே மறுபடி கண்டறிய வேண்டியிருந்தது. விளைச்சலை வயல்வயலாக அளந்தவர்கள் இந்தத் தடுமாற்றத்தை அளந்ததாகத் தெரியவில்லை.

எழுத்தாணி பெண்கள் கைக்கு வராமலே போய்விடவில்லை. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டு, ஓர் இல்லத்து அடுக்களையை அளவுகளோடு அச்சிலேற்றினார். அது அரிய தொண்டு. எனினும் அது ஒரு சமூகத்தின் அடுக்களை. தக்கடிக்கும், மீனவர் வீட்டுப் பிடிகொழுக்கட்டைக்கும், வயற்காட்டுப் பெண்கள் அவித்த கேப்பைக் கொழுக்கட்டைக்கும் அத்தகைய கை எளிதில் வாய்க்கவில்லை.

நாமும் முயன்றோம். உம்மாவின் பக்குவத்தை எழுதிவைத்துவிடலாம் என்று எண்ணி, ஒரு நாள் நாட்காட்டித் தாளும் பென்சிலுமாக அடுக்களை வாசலில் அமர்ந்தோம். நம் இல்லாள் அடுப்படியில் நின்று, “மாமி, தண்ணீர் எவ்வளவு ஊற்ற?” என்று கேட்டார். “மாவு கேட்கிற அளவு ஊற்று, புள்ளே” என்றார் உம்மா. அவர் ஊற்றுமுன் செம்பை வாங்கி அளந்தோம். ஒரு படி மாவுக்கு ஒன்றேகாற்படி தண்ணீர். எழுதிக்கொண்டோம். அன்றைய கொழுக்கட்டை ஒன்றுகூட வெடிக்கவில்லை.

அடுத்த மாதம் உம்மா ஊரில் இல்லை. புது அறுவடை அரிசி வந்திருந்தது. தாளில் எழுதியபடியே தண்ணீர் அளந்து ஊற்றப்பட்டது. புதிய அரிசி குறைந்த நீரையே கொள்ளும் என்பதை நாம் எழுதிக்கொள்ளவில்லை. உம்மாவுக்கு அதைச் சொல்லத் தோன்றவுமில்லை. மாவு களியாயிற்று. அன்று அதைத் தேங்காய்ப் பால் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தோம். உம்மா திரும்பி வந்ததும் அந்தத் தாளை அவரிடம் நீட்டினோம். அவருக்கு அரபுத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். நம் இல்லாள் படித்துக் காட்ட, சிரித்துவிட்டு, “இது பழைய அரிசிக்கு” என்றார். நாம் அந்தச் சொல்லையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டோம்.